சும்மா வரிசை

கித்தேரி கையை வீசி நடந்தால் இடது மணிக்கட்டில் நீலக்காப்பு மின்னும். அது மின்னும்போதெல்லாம் மதலேனுக்குத் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல இருக்கும். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். மதலேன் மூத்தவன் சவரியானின் மனைவி. கித்தேரி இளையவன் லியோனின் மனைவி. முற்றம் ஒன்று, அடுப்பு இரண்டு. மதலேன் பிறந்து வளர்ந்தது இதே தென்தீவில். கித்தேரி வடதீவுப் பிள்ளை. அந்த ஒரு வித்தியாசம்தான் அவள் கையில் நீலமாக மின்னியது.

இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. அணு உலையை வயிற்றில் சுமந்துகொண்டு போன வெளிநாட்டுக் கப்பல் ஒன்று நடுக்கடலில் பற்றி எரிந்தது. மறுநாள் விடியும்போது வடதீவின் மேல் சுண்ணாம்புத் தூள்போல வெள்ளையாக ஏதோ பெய்தது. பிள்ளைகள் அதை வாரி ஒருவர்மேல் ஒருவர் இறைத்து விளையாடினார்கள். மாலைக்குள் எல்லோருக்கும் வாந்தி. தென்தீவு ஆட்கள் படகுகளை எடுத்துக்கொண்டு போய் அத்தனை பேரையும் ஏற்றி வந்தார்கள். அன்றிலிருந்து வடதீவில் கடற்பறவைகள்தான் குடியிருக்கின்றன.

பிறகு படித்தவர்கள் வந்தார்கள். அன்றைக்குக் காற்று எப்படி அடித்தது என்று கணக்குப் போட்டு, வரைபடத்தில் இரண்டு தீவுகளுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தார்கள். கோட்டுக்கு வடக்கே இருந்தவர்கள் சாம்பல்பட்டவர்கள். தெற்கே இருந்தவர்கள் படாதவர்கள். அன்று முதல் வருடந்தோறும் மருத்துவக் கப்பல் வந்து நிற்கும். கடற்கரையில் பந்தல் போடுவார்கள். பந்தலில் இரண்டு வரிசை. சாம்பல்பட்டவர்களின் ரத்தம் எப்படி மாறுகிறது என்று தெரியவேண்டுமானால், படாதவர்களின் ரத்தமும் பக்கத்தில் இருக்கவேண்டுமாம். கப்பல்காரர்கள் அதை ஒப்பீட்டுக் குழு என்றார்கள். தீவில் அதற்குச் சும்மா வரிசை என்று பெயர். சும்மா வந்து, சும்மா கையை நீட்டி, சும்மா திரும்புகிற வரிசை.

நீலக்காப்பு வந்தது சில வருடங்களுக்கு முன்னால். அதன் உட்புறம் மயிரிழை போன்ற ஊசி ஒன்று இருந்தது. இரவும் பகலும் அது ரத்தத்தைச் சுவைத்துக்கொண்டே இருக்கும். ரத்த அணு ஒன்று தடம் மாறினால் உடனே கண்டுபிடித்து, அதற்கான மருந்தைத் துளியிலும் துளியாக உள்ளே விடும். சேதியைத் தீவில் நட்டிருந்த சமிக்ஞைக் கோபுரம் வழியாகப் பெருநிலக் கரைக்கு அனுப்பும். அது வந்தபிறகு சாம்பல்பட்டவர்கள் காய்ச்சல் தலைவலி என்று படுத்ததே இல்லை. தோல் பளபளத்தது, முடி அடர்ந்தது. ஒருகாலத்தில் பெண் எடுக்கப் பயந்து ஒதுங்கிய ஊரே இப்போது அவர்களை ஏக்கத்தோடு பார்த்தது.

மற்றவர்கள் ஏங்கினார்கள். மதலேன் எரிந்தாள்.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்து கப்பல் வந்தபோது, டாக்டர் தாட்சாயணி வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கித்தேரிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தூக்கம் எப்படி கித்தேரி?"

"நல்லா வருது டாக்டரம்மா."

"மனசு?"

"அது கடலுல்லா. நேத்து மாதிரி இன்னைக்கு இருக்காது."

டாக்டர் சிரித்தார். கித்தேரிக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டான பிள்ளை. அவள் வயிற்றில் கையை வைத்து ஏதோ ரகசியம் கேட்பதுபோல் தலை சாய்த்தார். எதிர் வரிசையில் நின்ற மதலேன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்ததும் ரத்தம் எடுக்கிறவன் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை.

"கையை இறுக்குங்க. விடுங்க. அடுத்தாள்."

மதலேன் நகரவில்லை. "டாக்டரம்மா!" என்று கூப்பிட்டாள். "எனக்கும் ஒரு காப்பு தந்தா என்ன? கொஞ்ச நாளா தண்ணிக்குடம் தூக்கினா மூச்சு வாங்குது."

டாக்டர் எழுந்து வந்தார். கெட்ட மனுஷி இல்லை. குரலில் இரக்கம் இருந்தது. "உங்களுக்குக் காப்பு போட்டா அந்த மருந்து உங்க ரத்தத்தையும் மாத்திடும் மதலேன். அப்புறம் எதை வச்சு எதை ஒப்பிடறது? நீங்க நல்லா இருக்கிறவங்க. நல்லா இருக்கிறவங்க அப்படியே இருந்தாத்தான் மத்தவங்களை அளக்க முடியும்."

"அப்போ இப்ப எடுத்த ரத்தத்துல எனக்கு என்னன்னு பாப்பீங்கல்லா?"

"தனித்தனியா இல்ல. உங்க வரிசை மொத்தத்தையும் சேர்த்து ஒரு சராசரி பார்ப்போம்."

பின்னால் நின்ற பிரகாசி சும்மா இருக்கவில்லை. "கேட்டியாட்டி மதலேன், நாம அம்புட்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு ஆளாம். அந்த ஆளுக்கு ஒரு காப்பு தாங்க டாக்டரம்மா, முறைவச்சுப் போட்டுக்கிடுதோம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. மதலேன் சிரிக்கவில்லை.

காப்பு மட்டும் என்றால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். சாம்பல்பட்டவர்களுக்குக் கப்பலில் இருந்து பால்மாவு, பேரீச்சை, முட்டை எல்லாம் இறங்கும். கித்தேரி ஒவ்வொரு தடவையும் அதில் பாதியைப் பிரித்து மதலேனின் அடுப்படிக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். அதுதான் பொறுக்கவில்லை. கொடுக்கிற கை மேலே இருக்கும், வாங்குகிற கை கீழே. மூத்த மருமகள் கை எப்போதிருந்து கீழே போனது?

"நோவுக்காரிக்குக் குடுத்தத நான் தின்னா ஆண்டவர் கேக்க மாட்டாரா?" என்பாள் மதலேன்.

"நான் ஒருத்தி எம்புட்டு முட்டையக்கா தின்னுவேன்? கோழிக்கே வெக்கமாயிரும்," என்று சொல்லிவிட்டுக் கித்தேரி போய்விடுவாள்.

லியோன் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது எதிர்த்தவள் மதலேன்தான். சாம்பல்பட்ட வயிறு காய்க்காது என்று நடுவீட்டில் நின்று சொன்னாள். அது கித்தேரியின் காதுக்கும் போயிருக்கும். போனதாக அவள் ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பொறுமையும் ஒரு நகைபோல அவள்மேல் மின்னுவதாக மதலேனுக்குத் தோன்றும்.

மதலேனை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதுதான் விஷயத்தின் அடிவேர். மகள் கரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பேசினால் தன் பரீட்சையைப் பற்றிப் பேசுவாள். சவரியான் கடலில் இருந்து வந்தால், "உனக்கென்னட்டி, இரும்பு உடம்பு," என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கையை வைப்பான். நல்ல மனிதன்தான், பாராட்டாகத்தான் சொன்னான். இரும்புக்கு வலிக்குமா என்று அவனுக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நாளாக அவள் கைகளில் நாவல்பழத்தை நசுக்கியதுபோல் ஊதா ஊதாவாகத் தடம் விழுந்தது. மீன்கூடை அழுத்தியது என்று நினைத்து முழங்கைவரை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டாள்.

தவக்காலம் வந்தது.

தென்தீவுப் பெண்கள் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் உடம்பில் தாலியைத் தவிர நகை எதுவும் வைப்பதில்லை. காலையில் எழுந்ததும் தோடு, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் வைத்துவிடுவார்கள். மாலையில் சிலுவைப்பாதை முடிந்து வந்தபிறகுதான் மறுபடி கையில் ஏறும். காப்பு வந்த புதிதில் அதையும் கழற்றலாமா என்று பேச்சு வந்தது. குளிக்கிற நேரம் தவிரக் கழற்றக் கூடாது என்பது கப்பல்காரர்கள் உத்தரவு. கேட்டால் வேண்டாம் என்பார்கள். ஆகவே பெண்கள் கேட்கவில்லை. கையில் போடுவது எதுவானாலும் நகைதான், ஆண்டவர் பாடுபட்ட நாளில் அது மட்டும் என்ன மின்னுவது என்று அவர்களே தீர்மானித்துக்கொண்டார்கள். கப்பலில் ஒருத்தியும் மூச்சுவிடவில்லை.

தவக்காலத்து முதல் வெள்ளி. கோயிலில் ஊருக்குக் கஞ்சி காய்ச்சக் கித்தேரி விடிந்ததும் போய்விட்டாள். முறம் எடுக்க மதலேன் அவள் வீட்டுக்குள் நுழைந்தாள். மாதா படத்துக்கு முன்னால் தட்டு. தட்டில் தோட்டுக்கும் வளையலுக்கும் நடுவே அது, ஒளி மங்கி, தூங்குகிற கண்போலக் கிடந்தது.

தொட்டுப் பார்க்கத்தான் நினைத்தாள். தொட்டபிறகு போட்டுப் பார்க்கத் தோன்றியது.

கட்டெறும்பு கடித்ததுபோல் ஒரு சுருக்கு. அவ்வளவுதான். காப்பு மெல்ல விழித்து நீலமானது. நீ யார் என்று அது கேட்கவில்லை. ரத்தத்தை எண்ணவும் அணுக்களின் உருவத்தைப் பார்க்கவும் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆளை அடையாளம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. நோயாளியின் காப்பை இன்னொருத்தி ஆசைப்பட்டு மாட்டிக்கொள்வாள் என்று அதைச் செய்தவர்களில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

முந்தானையால் மூடிக்கொண்டு தன் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் உடம்புக்குள் இளஞ்சூடு ஒன்று பரவியது. எவ்வளவோ காலமாகத் திறக்காத அறைக்குள் யாரோ விளக்கோடு வந்து, மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. மதலேனுக்குக் கண் நிறைந்தது. மதியம்வரை போட்டிருந்துவிட்டு, தட்டில் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். மாதாவின் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

பாவம் என்று தெரியும். தவக்காலத்தில், மாதா முன்னால் வைத்ததை எடுப்பது என்ன பாவம் என்றும் தெரியும். ஆனாலும் அடுத்த வெள்ளியும் போனாள். அதற்கடுத்த வெள்ளியும். நாலாவது வெள்ளியில் முறம் என்ற சாக்குகூடத் தேவைப்படவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது, வராத காலத்தில் மருத்துவக் கப்பல் வந்தது.

அண்ணன் தம்பி இருவரும் ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். டாக்டர் நேராகக் கித்தேரி வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார். மதலேன் முற்றத்தில் மீனைக் காயப்போட்டபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அழுகைச் சத்தம் வரவில்லை. வெளியே வந்த டாக்டரின் முகம்தான் வெளுத்திருந்தது.

"மதலேன், கொஞ்சம் வாங்க. வீட்டுக்குப் பெரியவங்க நீங்கதான் இப்ப இங்க இருக்கீங்க."

பூவரச நிழலுக்குப் போனார்கள்.

"கித்தேரியோட ரத்தத்துல கெட்ட அணு வந்திருக்கு. காப்பு சொல்லுது. இப்பவே கரைக்குக் கூட்டிட்டுப் போனாப் பிழைக்க வச்சிடலாம். எலும்புக்குள்ள இருக்கிறதை எல்லாம் எரிச்சிட்டுப் புதுசா முளைக்க வைக்கிற மருந்து இருக்கு. ஆனா..." டாக்டர் நிறுத்தினார். "அந்த நெருப்பை வயித்துப் பிள்ளை தாங்காது. பிள்ளையை எடுத்துட்டுத்தான் ஆரம்பிக்க முடியும். அவ சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. நீங்க சொன்னாக் கேப்பா."

மதலேனின் மனதில் முதலில் எழுந்தது துக்கம் இல்லை. உள்ளே எங்கோ ஒரு மூலையில் ஏதோ ஒன்று குதித்தது. அப்படியென்றால் காப்பும் காப்பாற்றவில்லை, பால்மாவும் காப்பாற்றவில்லை! அது குதித்ததை அவளே பார்த்தாள். பார்த்ததும் உடம்பு கூசியது.

"இன்னைக்கு ரத்தம் எடுத்துப் பாத்தீங்களா?" என்றாள், எதையாவது கேட்கவேண்டுமே என்று.

"பார்த்தேன். சுத்தமா இருக்கு. அதுதான் எனக்குப் பயம். இது ஒளியத் தெரிஞ்ச நோய். வாரம் முழுக்க ரத்தம் கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரே ஒருநாள் மட்டும் தலை காட்டுது. நாலு வாரமா அப்படித்தான். காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும்." டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை அவ என்ன பண்றா மதலேன்? எங்க போறா, என்ன சாப்பிடறா?"

காற்று நின்றுவிட்டதுபோல் இருந்தது.

"கோயிலுக்குப் போவா," என்றாள் மதலேன். தன் குரல் தூரத்தில் கேட்டது. "கஞ்சி காய்ச்சுவா."

"கடல் தண்ணி இறங்கினாப் படகு தரை தட்டும், அதுக்குள்ள கிளம்பணும். பேசிப் பாருங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் படகுத்துறைப் பக்கம் நடந்தார்.

மதலேன் பூவரசைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கைவரை மூடியிருந்த ரவிக்கைக்குள் ஊதாத் தடங்கள் திடீரென்று கனத்தன. சொல்லாதவரைக்கும் இந்த நோய் கித்தேரியுடையது. சொன்ன நிமிஷம் தன்னுடையது. இரும்பு உடம்பு என்று ஊரே சொல்கிறதே, காப்பு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? அப்படியே உண்மையாக இருந்தாலும் சும்மா வரிசைக்காரிக்கு யார் மருந்து கொடுப்பார்கள்? திருடி என்ற பேர் மட்டும்தான் மிஞ்சும். மாதா தட்டில் கை வைத்தவள் என்று பிரகாசி முதற்கொண்டு கிணற்றடியில் பேசுவார்கள். மகள் காதுக்குப் போகும். பேசாமல் இரு என்றது ஒரு மனசு. கித்தேரிக்கு இன்னொரு பிள்ளை பிறக்காதா என்றுகூடக் கேட்டது அது.

ஆண்டவரே என்று வாய் கூப்பிட்டது. அதற்குமேல் ஜெபம் வரவில்லை. கால் மட்டும் வீட்டைப் பார்த்து நடந்தது.

கித்தேரி தரையில் உட்கார்ந்து ஒரு பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கைக்குட்டை அளவு சட்டைகள் சில, பழைய சேலைத் துணியில் தைத்தவை, தனியாகக் கிடந்தன.

"வந்துட்டியாக்கா. அவிய வந்தா சோத்துக்குக் கஷ்டப்படுவாவ, ரெண்டு நாளைக்கு நீ பாத்துக்க. புளி சேத்தா நெஞ்செரியும் அவியளுக்கு." குரல் சீராகத்தான் இருந்தது. "இந்தச் சட்டையெல்லாம் பிரகாசியக்கா மருமவளுக்குக் குடுத்துரு. நான் பாத்துக்கிட்டு இருக்கையில குடுக்காத. போனபொறவு குடு."

கித்தேரி மதலேனின் கையைப் பிடித்து எழ முயன்றாள். பிடித்த இடத்தில் ரவிக்கைக் கை மேலே ஏறிவிட்டது. கித்தேரி எழுவதை மறந்து அந்தக் கையைத் தன் மடிக்கு இழுத்தாள்.

"இதென்னக்கா, இப்பிடிக் கன்னிப்போயிருக்கு?"

"கூடை அழுத்தினது."

"கூடை இங்கயா அழுத்தும்? எம்புட்டு நாளா இருக்கு? வலிக்கா?" பெருவிரலால் தடத்தைச் சுற்றி மெல்ல நீவினாள். "எந்திரி, டாக்டரம்மாட்ட காட்டுவோம். வரிசை கிரிசைன்னு சொன்னா நான் பேசிக்கிடுதேன். கப்பல் இங்கனதான நிக்கி."

தன் பிள்ளையை இழக்கப் போகிறவள். அவள் கேட்டாள், வலிக்கிறதா என்று.

மதலேன் உட்கார்ந்துவிட்டாள். "கித்தேரி, அது உன் ரத்தமில்லட்டி," என்றாள். "என் ரத்தம்."

சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நாலு வெள்ளிக்கிழமைக் கதை நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. கித்தேரி முதலில் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் பொங்கி வந்தது. வந்த வேகத்திலேயே அதற்காக வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடுத்தபோது கண்ணில் கோபம் இருந்தது.

"மாதா முன்னாலேருந்தா எடுத்த?"

"ஆமா."

"கேட்டா குடுத்திருப்பேன்லா!"

"கேட்டு வாங்கினா அது உன்னோடது. எடுத்தாத்தான் என்னோடது." மதலேன் தலையைக் குனிந்துகொண்டே பேசினாள். "அம்புட்டுப் பொறாமைட்டி உம்மேல. நீ தும்மினாக்கூடக் கரையில ஒரு ஆளு எழுதி வைக்கான். நான் செத்தாலும் சராசரி."

கித்தேரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் சிரித்தாள். அழுகையும் அதில் கலந்திருந்தது.

"நான் சொல்லட்டுமாக்கா? உனக்குத் தலைவலின்னா அது தலைவலி. எனக்குத் தலைவலின்னா கப்பல் வரும். வெளையாடப்போன எடத்துல, பூப்பெய்தின அன்னைக்கு, கல்யாணத்தன்னைக்கு, எப்பவும் யாராவது என்னை எண்ணிக்கிட்டே இருக்காவ. நீ கூடையத் தூக்கிக்கிட்டு வெறுங்கையோட நடந்து போறதப் பாத்தா வயிறு எரியும் எனக்கு. வெள்ளிக்கிழமை எப்போ வரும்னு காத்துக் கெடப்பேன். கஞ்சியக் கிண்டுத சாக்குல என் வெறுங்கையவே பாத்துக்கிட்டு இருப்பேன். அன்னைக்கு மட்டுந்தான் நான் மதலேன்."

ஒருத்தி அடுப்படியில் காப்போடும், இன்னொருத்தி கோயில் கொட்டகையில் காப்பில்லாமலும், ஒரே நேரத்தில் அடுத்தவள் வாழ்க்கையைப் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். இருவருக்கும் அது ஒன்றாக உறைத்தது.

"கிறுக்கி," என்றாள் மதலேன்.

"நீதான் பெரிய கிறுக்கி. எந்திரி, தண்ணி இறங்குது."

படகுத்துறையில் விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் தாட்சாயணி முதலில் கோபப்பட்டார். வெள்ளிக்கிழமை எல்லோருமே கழற்றுகிறார்களா, எத்தனை வருடமாக, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கத்தினார். கித்தேரி திட்டு முழுவதையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். மதலேனின் விரலில் ஒரு துளி எடுத்துச் சின்னக் கருவிக்குள் விட்டபோது டாக்டரின் குரல் அடங்கிப்போனது. கருவியைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"இருக்கு," என்றார். "ஆனா எப்படி? நீங்க தென்தீவுதானே. கோட்டுக்கு இந்தப் பக்கம். அன்னைக்கு வடதீவுக்குப் போனீங்களா?"

"இல்ல டாக்டரம்மா. பாவாடை கட்டுத வயசு. கரையிலதான் நின்னேன்."

"கரையில என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பிள்ளையளக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. மதலேன் சொன்னாள். படகுகள் வந்து சேர்ந்தபோது வடதீவுப் பிள்ளைகள் தலைமுதல் கால்வரை வெள்ளைப் பொடி அப்பி, அரிப்புத் தாங்காமல் அலறினார்கள். ஊர்க்கிணற்றுப் பக்கத்தில் வரிசையாக உட்காரவைத்து, தென்தீவுப் பெண்கள், சிறுமிகள் எல்லோரும் ஆளுக்கொரு பிள்ளையை மடியில் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். முடிக்குள் பொடி சிக்கியிருந்தது, விரல்விட்டு அலசவேண்டியிருந்தது. ராத்திரி அந்தப் பிள்ளைகள் வேறு யாரிடமும் போகாமல் அவரவரைக் கழுவியவர்கள் மடியிலேயே தூங்கினார்கள்.

"கழுவின தண்ணி எங்க போச்சு?"

"மணல்ல. எங்க போவும்?"

"கிணத்துப் பக்கத்து மணல்ல," என்றார் டாக்டர். "அந்தக் கிணத்துத் தண்ணியத்தான் இன்னிக்கு வரைக்கும் குடிக்கிறீங்க."

படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். யாரிடமோ சொல்வதுபோல் பேசினார். "காப்பு போட்டவங்க, சாம்பல் படாதவங்களைவிட நல்லா இருக்காங்கன்னு போன வருஷம் கப்பல்ல கேக் வெட்டினோம். நோய் வந்தவங்க எப்படி நல்லா இருக்கிறவங்களை முந்துவாங்கன்னு ஒருத்தரும் யோசிக்கல. நல்லா இருக்கிறவங்கன்னு யாருமே இல்ல. எதை வச்சு அளந்தோமோ அந்தக் கோலே சரியில்ல."

மதலேன் தயங்கிக் கேட்டாள். "குளிப்பாட்டினது தப்பா டாக்டரம்மா?"

"அய்யோ, இல்ல." டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அன்னிக்குக் கழுவலைன்னா அதுல பாதிப் பிள்ளைங்க இன்னிக்கு உயிரோட இல்ல. காத்து எங்க அடிச்சுதுன்னு கேட்டோம். பிள்ளைகளை யார் தூக்கினாங்கன்னு கேக்கவே இல்ல. எங்க தப்பு."

"மருந்து எனக்கும் உண்டா? பட்டியல்ல என் பேரு இல்லியே."

"முதல்ல படகுல ஏறுங்க. பட்டியலை நான் பார்த்துக்கறேன். எல்லாரையும் பார்க்கணும், ஒவ்வொருத்தரையா." அவர் பந்தல் போடுகிற மணல்வெளியை ஒருமுறை பார்த்தார். "கூட யாராவது வரணும்."

கித்தேரி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பையின் வாயில் அந்தச் சின்னச் சட்டைகள் திணிக்கப்பட்டிருந்தன.

"நீ எதுக்குட்டி? வயித்துப்பிள்ளையோட?"

"ஒன்ன ஒத்தையில விட்டா அங்க யாரு கையிலயாவது காப்பப் பாத்துக் கழட்டிருவ," என்றாள் கித்தேரி.

படகு கிளம்பியது. கப்பல் வெளியே தூரத்தில் நின்றது. ஆழம் வந்ததும் அலை எறிந்து சாரல் உள்ளே விழுந்தது. படகில் இருந்த நர்சுப் பெண் ஒரே ஒரு போர்வையை எடுத்து வந்து, வழக்கப்படி கித்தேரியின் தோளில் போர்த்தி, "குளிருதா கித்தேரி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மதலேனுக்குச் சுருக்கென்றது. நோய்க்காரி நான், போர்வை அவளுக்கா? அந்த நினைப்பு வந்ததுமே தன்னைப் பார்த்துத் தனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"என்னக்கா சிரிக்க?"

"ஒண்ணுமில்ல. இன்னும் உசிரோடதான் இருக்கேன்னு தெரிஞ்சுது."

போர்வை ஒரு பக்கம் சரிந்து நனைந்துகொண்டிருந்தது. மதலேன் அதை இழுத்து, கித்தேரியின் வயிற்றுக்குமேல் சாரல் படாதபடி சுற்றிச் செருகினாள். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கித்தேரி அதைத் தூக்கிப் பிடித்தாள். மதலேன் நகர்ந்து உட்கார்ந்து, அதற்குள் தன் கால்களை நுழைத்துக்கொண்டாள்.